லாஸ்ட் நேம்

— அந்தப் போனைக் கவுத்து வைடா சபரி, மொதல்ல. கார்ல ஏறுனதுல இருந்து அதையே பாத்துட்டு இருக்கே. அது என்ன முட்டையா, அடைகாக்கறதுக்கு?

— கவுத்துத்தானுங்ணா வெச்சிருந்தேன். கை தானாத் திருப்பிருது.

— ஜாக்கெட்டை இழுத்துப் போத்திட்டு இருக்கே, குளுருதா? ஹீட்டர் போடட்டா?

— குளுரு இல்லீங்ணா. பயம்.

— அட சாமி. சரி, மறுபடியும் ஒருக்காச் சொல்லு. காலங்காத்தால நீ போன்ல ஒளறுனது எனக்குப் பாதிதான் புரிஞ்சுது.

— நேத்து ராத்திரி மீட்டிங் இன்வைட் வந்துச்சுங்ணா. இன்னைக்குப் பத்து மணிக்கு. ஹெச்ஆர்ல இருந்து ஒரு அம்மிணி அனுப்பியிருக்குது. கூட நம்ம மேனேஜர் பிரையன். வேற ஒருத்தரும் இல்ல.

— எதுக்குன்னு?

— "க்விக் சாட்"னு போட்டிருக்குது. உள்ளே ஒரு வார்த்தை இல்லீங்ணா.

— அவ்வளவுதானா? ஒண்ணும் ஆகாது கண்ணு. ஹெச்ஆர்னா வேலையை விட்டுத் தூக்கறதுக்கு மட்டுந்தான் கூப்பிடுவாங்களா? இன்சூரன்ஸ் விஷயமா இருக்கும்.

— இன்சூரன்ஸுக்கு மேனேஜர் எதுக்குங்ணா? நம்ம டீம்ல இருந்த நாகலக்ஷ்மியக்காளுக்கும் இப்படித்தான வந்துச்சு. சிரிச்சுட்டே உள்ளே போனாங்க. அப்பறம் அவங்க சீட்ல இருந்த செடியை நாமதான எடுத்துட்டுப் போயி வீட்டுல குடுத்துட்டு வந்தோம்.

— இப்ப எதுக்குடா அந்தச் செடி? நீ என்ன தப்புப் பண்ணுனே, அதைச் சொல்லு.

— வெள்ளிக்கிழமை நான் போட்ட கோட்ல ஆர்டர் பக்கம் சித்த நேரம் படுத்துருச்சுங்ணா.

— அது எல்லாருக்கும் படுக்கும். நான் வந்த புதுசுல மொத்த சைட்டையே படுக்க வெச்சவன். அப்பறம்?

— அப்பறம்... போன வாரம் மீட்டிங்ல பிரையன் பேசி முடிச்சதும் "ஐ ஹேவ் எ டவுட்"னு சொல்லிப்போட்டேன்.

— ஹாஹா! இங்க அப்படிச் சொன்னா அவரு பேசுனதுல நம்பிக்கை இல்லைன்னு அர்த்தம்டா. கொஸ்டினுன்னு சொல்லோணும்.

— நம்மூரு காலேஜ்ல கேள்வி கேக்கறதுக்கு அதுதானுங்ணா பேரு! அவரு மூஞ்சியே சுருங்கிப்போச்சு. அன்னைக்கே முடிவு பண்ணியிருப்பாரு.

— கிறுக்கா. டவுட்டுக்கெல்லாம் ஆளைத் தூக்குனா இந்த அமெரிக்காவுல ஒரு தமிழன் மிஞ்சுவானா? வீட்டுல வெண்பாகிட்டச் சொல்லிட்டியா?

— இல்லீங்ணா. வயித்துல ஏழு மாசம். ராத்திரியெல்லாம் தூக்கம் வராம ஒக்காந்திருக்குது. இதை எப்படிச் சொல்றது? அது கட்டிக் குடுத்த இட்லியக்கூட நான் இன்னும் தொடல. வேலை போனா ஆஸ்பத்திரி இன்சூரன்ஸும் போயிருமில்லீங்? விசாவும் கம்பெனி குடுத்தது. ரெண்டு மாசத்துல வேற வேலை புடிக்கலைன்னா மூட்டை கட்டோணும். அந்த வயித்தோட அதை எந்த ஃப்ளைட்ல ஏத்துவாங்க?

— நிறுத்து, நிறுத்து. நீ கோயம்புத்தூர் ஏர்ப்போர்ட்டுக்கே போயிட்டே. நாம இன்னும் ஆல்டமாண்ட் மலையே தாண்டல. அங்க பாரு, கரண்ட் காத்தாடியெல்லாம் சுத்துது. அதைப் பாரு.

— எங்கீங்ணா பாக்கறது? பக்கத்துல வேற லாரி ஒரசற மாதிரி வருது.

— அவன் லேன்ல அவன் போறான். கம்பெனில சேந்து வருசம் ரெண்டாச்சு, லைசன்ஸ் வாங்கி ஒண்ணாச்சு, இன்னும் ஃப்ரீவேல ஏறமாட்டேங்கறே. நான் ஒரு நாள் லீவு போட்டா உனக்கு ஆபீஸே கிடையாது.

— லோக்கல் ரோட்டுல ஓட்டுவனுங்ணா. இதுல ஏறுனாத்தான் எல்லாரும் முட்டறதுக்கே வர்ற மாதிரி இருக்கும்.

— வெண்பாவுக்கு வலி வந்தா? அப்பவும் என்னையத்தான் கூப்பிடுவே?

— உங்களத்தானுங்ணா. வேற யாரு இருக்காங்க எனக்கு?

— கூப்பிடு, கூப்பிடு. ராவா பகலான்னு பாக்காதே. நான் பேருக்கே உன்ற அப்பன்தான?

— அதுவும் சரிதானுங்.

— பின்ன? உன்ற அப்பா பேரு வெள்ளியங்கிரி, என்ற பேரும் வெள்ளியங்கிரி. இவங்க வாய்ல நொழையலைன்னு கிரின்னு வெட்டிக்கிட்டேன், அவ்வளவுதான். உனக்கு அது லாஸ்ட் நேம், எனக்கு ஃபர்ஸ்ட் நேம். நம்மூர்ல இனிஷியலோட போச்சு. இங்க வந்து அப்பன் பேரைப் பின்னாடி கட்டித் தொங்க விட்டுக்கறோம்.

— ஆஸ்பத்திரில "மிஸ்டர் வெள்ளியங்கிரி"ன்னு நர்ஸு கூப்பிட்டா, அப்பா எப்ப வந்தாருன்னு திரும்பிப் பாக்கறனுங்ணா.

— போன மாசம் உனக்கு வர வேண்டிய மானிட்டரு என்ற டேபிள்ல வந்து ஒக்காந்திருந்துச்சே! நான் வேற, பதினோரு வருசம் ஒழைச்சதுக்குக் கம்பெனி கண்ணைத் தொறந்துருச்சுன்னு பூரிச்சுப்போனேன். வீட்டுல சாரதாவுக்குப் போட்டோவெல்லாம் எடுத்து அனுப்பிட்டேன்.

— அய்யோ, அடிக்குதுங்ணா!

— என்னடா?

— போனு. ஆபீஸ் நம்பரு. பத்து மணிக்குத்தான சொன்னாங்க? இப்பவே எதுக்குக் கூப்பிடறாங்க?

— எடு. எடுடா, கட்டாயிரப் போகுது. மூச்சை இழுத்து விட்டுட்டு மெதுவாப் பேசு.

— ஹலோ?... எஸ்... எஸ் மேம், திஸ் ஈஸ் வெள்ளியங்கிரி... நோ மேம், ஆன் த வே... ஓ. நோ நீட் டு கம்?... ஓகே... லெவன்? சாரி மேம், லெவன்?

— பதினோரு மணிக்குத் தள்ளிட்டாளா? தள்ளுனா நல்லதுடா. தூக்கறவங்க தள்ள மாட்டாங்க.

— நோ மேம். டூ. ஒன்லி டூ...

— ரெண்டு மணிக்கா? அந்தம்மாவுக்கு ஒரு நேரத்துல நிக்காதா?

— சபரி... எஸ், சபரி... எஸ்... ஓ.

— என்னடா ஓ?

— நோ, நோ மேம். ஐ அண்டர்ஸ்டாண்ட்... ஐ வோண்ட் டெல் எனிபடி... எஸ். பை.

— என்ன சொன்னா? ஏன்டா இப்படி வெளுத்துட்டே? எதுவா இருந்தாலும் சொல்லு. நான் இருக்கேன்.

— எனக்கு இல்லீங்ணா.

— என்னது?

— அந்த மீட்டிங்கு. எனக்கு இல்லையாம். தப்பா அனுப்பிட்டாங்களாம்.

— அட சாமி! அட என்ற சாமி! நான் என்ன சொன்னேன்? ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னனா இல்லையா? ராப்பூராத் தூங்காம, இட்லிய ஆற வெச்சு, என்னையும் பதற வெச்சு... டேய், இப்ப எதுக்குடா அழுகறே?

— தெரியலீங்ணா.

— சந்தோசத்துல வரும், வரட்டும். தொடைச்சுட்டு அந்த டப்பாவத் தொற. எனக்கும் ஒண்ணு குடு. உன்ற பயத்துல நானும் ஒரு காப்பியோட கெளம்பிட்டேன்.

— இந்தாங்ணா.

— நீயும் தின்னு. யாருக்குப் போக வேண்டியதுன்னு சொன்னாளா?

— ...இல்லீங்ணா.

— எவனோ பாவம். அவன் வீட்டுல என்ன நெலமையோ. ஒண்ணும் தெரியாம இந்நேரம் ஆபீஸுக்கு வந்துட்டு இருப்பான். நம்ம ஆளா மட்டும் இருக்கக்கூடாது.

— ஏனுங்ணா.

— சொல்லு. இட்லி நல்லாருக்குது, வெண்பாகிட்டச் சொல்லிரு.

— உங்க கிரீன் கார்டு சீக்கிரம் வந்துருமில்லீங்?

— திடீருன்னு அது எதுக்கு? வரும்போது வரும். வரிசை நகருதோ இல்லையோ, அதுவரைக்கும் இந்தக் கம்பெனியப் புடிச்சுத் தொங்கிட்டு இருக்கோணும். எம்புள்ள ஷ்ரேயா அடுத்த வருசம் காலேஜ் போகுது. அது பொறந்த ஊரைவிட இந்த ஊருதான் அதுக்கு ஊரு. தமிழ்ல திட்டுனாக்கூட இங்கிலீஷ்லதான் அழுகுது. அதையக் கூட்டிட்டு நான் எங்க போறது?

— வேற கம்பெனிக்கு எப்பவாச்சும் முயற்சி பண்ணுனீங்ளா?

— இந்த வயசுல என்னைய எவன்டா இன்டர்வியூ எடுப்பான்? உன்ற வயசுப் பசங்க போர்டுல கணக்குப் போடச் சொல்லுவானுங்க. நமக்கு இந்தக் கம்பெனிதான் ஊறுன எடம். ஏன்டா மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிட்டே?

— தண்ணி குடிச்சா சரியாப்போயிருமுங்ணா. விக்கிக்கிச்சு.

— குடி, குடி. லிவர்மோர் வந்துருச்சு பாரு. அடுத்ததுதான் கோயில் எக்ஸிட். எறங்கி ஒரு கும்பிடு போட்டுட்டுப் போலாம். நேரம் இருக்குது. சாமி உன்னையக் காப்பாத்தியிருக்குது, சும்மாத் தாண்டிப் போகக்கூடாது.

— போலாமுங்ணா. எறங்குங்க.

— அப்படியே வெண்பாவுக்கும் ஒரு போன்... அட, எனக்கும் அடிக்குதே! காருல நம்பரு காட்டுது பாரு. இது உனக்கு வந்த அதே நம்பரு இல்ல?

— எடுக்காதீங்ணா.

— ஏன்டா? பட்டனை அமுத்துனா ஸ்பீக்கர்லயே பேசலாம்.

— வேண்டாமுங்ணா. ஓட்டும்போது வேண்டாம். எக்ஸிட் வந்துருச்சு, எறங்குங்க.

— எறங்கத்தான போறேன். மறுபடியும் ஏன்டா பதறறே? அதான் உனக்கு இல்லைன்னு ஆயிருச்சே.

— ஓரமா நிறுத்திட்டு இந்தப் பக்கம் வந்து ஒக்காருங்ணா. ஃப்ரீவேயா இருந்தாலும் பரவால்ல, இங்கிருந்து நான் ஓட்டறேன்.