மேல்வீட்டுக் காற்று

அன்று காலை வீட்டில் இருந்தவர்கள்: என் அக்கா, அத்தான், அவர்களுடைய மகள், வயரிங் பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் பெண், நான். ஃபிரிட்ஜின் தலையில் பூனையும் இருந்தது. ஃபிரிட்ஜின் உடம்பைத் தொடக்கூடாது என்று அதற்குத் தெரியும். தரையிலிருந்து மேலே விரித்திருக்கும் ரப்பர் பாய்க்கு ஒரே தாவல்தான். எல்லோரும் நல்ல மனநிலையில் இருந்தோம். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். சண்டை, சச்சரவு எதுவும் இல்லை.

நான் ராத்திரி வேலைக்காரன். குளிர்பதனக் கிடங்கில் காவல். விடிந்ததும் வந்து சாப்பிட்டுவிட்டு அக்கா வீட்டுப் பின்னறையில் படுத்துவிடுவேன். மின்சாரப் படிப்பைப் பாதியில் விட்டவன். பாதி படித்தவனுக்குப் பயமும் பாதிதான். அதனால் அந்த வீட்டு வயரிங் முழுவதையும் நானே இழுத்தேன். கூலி கேட்டதில்லை.

என் வேலையில் குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்கு ஒரு குணம் வந்துவிட்டது, அவ்வளவுதான். வெந்நீர் போட்டிருக்கும்போது குளியலறைக் குழாயைத் தொட்டால் கிள்ளும். ஃபிரிட்ஜ் ஓட ஆரம்பித்தால் கூடத்து விளக்கு ஒரு கணம் தலை குனிந்து நிமிரும். இஸ்திரி போட்டால் மீன் வாடை வரும், அக்கா பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்து, "காலங்காத்தாலயே மீனா!" என்பாள். வாடை எங்கள் சுவருக்குள் உருகும் பிளாஸ்டிக்கில் இருந்து வந்தது. கூடத்து ஸ்விட்ச் பலகை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். மழை நாளில் அத்தான் அதில் கை வைத்துக் குளிர்காய்வார்.

அக்காவை முதன்முதலாகக் குழாய் கிள்ளிய அன்று அவள் அழப்போனாள். நான் சிரித்துவிட்டேன். அத்தானும் சிரித்தார். "உன்னைக் கிள்ள நான் இல்லாட்டியும் குழாயாவது இருக்கே" என்றார். அதைக் கேட்டு அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஷாக் அடித்தால் சிரிப்பது வழக்கமாகிவிட்டது. நானும் அதைக் கெடுக்கவில்லை. அழுதால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவார்கள். சிரித்தால் என்னைக் கூப்பிடுவார்கள்.

என் பெயரே டாக்டர் என்றாகிவிட்டது. "டாக்டர், குழாய்க்குக் காய்ச்சல்." "டாக்டர், மிக்ஸி முனகுது." நான் தூக்கத்தில் எழுந்து வந்து ஒரு சுற்று டேப் ஒட்டிவிட்டுப் போவேன். கிடங்கில் என்னை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை. அங்கே மூட்டைகளும் பனியும்தான்.

அக்கா மகள்தான் கெடுத்தாள். ஈரத் தலையோடு வாஷிங் மெஷினைத் தொட்டிருக்கிறாள். அது அவளைச் சுவரில் தூக்கி அடித்தது. நாங்கள் மூவரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்தபடி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "மாமா, இது ஜோக் இல்ல" என்றாள். மறுநாள் அவளே போய் அந்தப் பெண்ணை அழைத்து வந்தாள்.

நல்ல பெண். கலகலப்பானவள். வந்ததும் புறங்கையால் ஸ்விட்ச் பலகையைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளங்கையால் தொட்டால் ஷாக் அடிக்கும்போது விரல்கள் தாமாக மூடிப் பிடித்துக்கொள்ளும். அது எனக்கும் தெரியும்.

"சூடா இருக்கே. பலகையா, தோசைக்கல்லா?" என்றாள். திருகாணிகளைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தாள். "இதைப் போட்ட மகராசன் உயிரோட இருக்காரா?"

அத்தான் என்னைக் காட்டினார். "இதோ, இப்பத்தான் சாப்பிட்டு ஏப்பம் விட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அறை அறையாகப் போனாள். குழாயில் மீட்டரை வைத்துவிட்டு அக்காவைப் பார்த்து, "இதுல தினமும் குளிக்கிறீங்களாம்மா? உங்களுக்குக் கெட்டி ஆயுசு" என்றாள். இஸ்திரி போடும் இடத்தில் சுவரை முகர்ந்து, பழுப்புக் கறையைச் சுரண்டினாள். ஒவ்வொரு இடத்திலும் என் டேப்பைப் பிரித்தாள். "என்னண்ணே, கட்டுப் போட்டு அனுப்பிட்டீங்க? ஆபரேஷனே பண்ணலயே."

"டாக்டராச்சே" என்றார் அத்தான்.

"எந்தக் காலேஜ்ல படிச்சாரு?"

"காலேஜ் வாசல் வரைக்கும் போனான்" என்றாள் அக்கா.

அன்றைக்கு அதிகமாகச் சிரித்தது அக்காதான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் மனதில் ஒன்றும் இல்லை. சும்மா சொன்னாள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

பிறகு அந்தப் பெண் சமையலறைச் சுவரில் இருந்த மெயின் பெட்டியைத் திறந்தாள். "ஷாக் அடிச்சா தானா விழுந்து கரண்டை நிறுத்துற டிரிப்பர் ஒண்ணு இருந்திருக்கணுமே, எங்கண்ணே?"

"அடிக்கடி விழுந்தது. எடுத்துட்டேன்" என்றேன்.

"வீட்டு நாய் அடிக்கடி குலைக்குதுன்னு அதைத் துரத்திட்டு, திருடனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்திருக்கீங்க." இதற்கு யாரும் சிரிக்கவில்லை. அவள் அத்தானிடம் திரும்பினாள். "மொத்தத்தையும் பிடுங்கிட்டுப் புதுசாப் போடணும் சார். பின்னறையும் சேர்த்து. அண்ணன் கொஞ்ச நாள் வேற இடம் பார்த்துக்கட்டும்."

"பார்த்துக்குவான்" என்றார் அத்தான். என்னிடம் கேட்கவில்லை. "டாக்டருக்கு ரிடையர்மென்ட் கொடுத்துடலாம்."

நான் கோபப்படவில்லை. களைப்பாக இருந்தது. என் அறைக்குப் போய்ப் படுத்தேன்.

இந்த இடத்தில் என் மின்விசிறியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா வீட்டில் மட்டும் கரண்ட் போகும்போதெல்லாம் என் பகல் தூக்கம் கெட்டது. அதனால் மேல்வீட்டுக்காரர் அறியாமல் அவர் லைனிலிருந்து ஒரு கம்பியை என் மின்விசிறிக்கு இறக்கியிருந்தேன். கரண்ட் வர ஒரு கம்பி வேண்டும், திரும்பிப் போக ஒரு கம்பி வேண்டும். வருகிற கம்பி மேல்வீட்டுடையது. திரும்புகிற கம்பிக்கு அவ்வளவு தூரம் போக அலுப்பாக இருந்ததால், அக்கா வீட்டு மெயின் பெட்டியிலேயே சேர்த்துவிட்டேன். மாடி வழியாக வந்தவன் கீழ்வாசல் வழியாகப் போவது மாதிரி. என் மின்விசிறி ஓடாதவரை அந்தத் திரும்புகிற கம்பி பரம சாது. எந்த மீட்டரும் அதில் குற்றம் காணாது. மின்விசிறி ஓடும்போது ஒருவர் அந்தக் கம்பியைப் பிரித்தால், போக வழியில்லாத கரண்ட், பிரித்தவர் உடம்பு வழியாகப் போகப் பார்க்கும். இது பாடத்தில் உண்டு. நான் படித்த பாதியில்தான் இருந்தது.

அவள் மேல் எந்தத் தவறும் இல்லை. மெயினை அணைத்தாள். ஃபிரிட்ஜ் அடங்கியது. மீட்டர் வைத்துப் பார்த்தாள். "செத்த கம்பிதான்" என்று அவள் சொன்னது சுவர் தாண்டிக் கேட்டது. "இப்ப ஒண்ணொண்ணாப் பிரிக்கப் போறேன். யாரும் எதையும் போட்டுடாதீங்க."

"டேய், கேட்டுச்சா?" என்று அக்கா குரல் கொடுத்தாள்.

"கேட்டுச்சு" என்றேன்.

வெக்கையாக இருந்தது. மின்விசிறியைப் போட்டேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். ஒரு கிள்ளு. அவ்வளவுதான் நினைத்தேன். கெட்டிக்காரியையும் இந்த வீடு கிள்ளும் என்று அவர்கள் பார்க்க வேண்டும். பார்த்தால், "டாக்டர் சொன்னது சரிதான், கரண்ட்னா அப்படித்தான்" என்பார்கள். நடுவில் மின்விசிறி இருக்கிறதே, கரண்ட் வேகம் குறைந்துதான் போகும் என்றும் கணக்குப் போட்டேன். மல்லாந்து படுத்துக் காற்றை வாங்கிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் இறக்கைகள் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தன. பிறகு நின்றன. கம்பியைப் பிரித்துவிட்டாள் என்று புரிந்தது.

சமையலறையில் சிரிப்புக் கேட்டது. "பார்த்தியா, எலக்ட்ரீஷியன்னு கூடப் பார்க்கல!" என்று அத்தான் கைதட்டினார். அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "போதும்மா, ரொம்ப நடிக்காதே" என்றாள். அவர்களைக் குற்றம் சொல்லாதீர்கள். அந்த வீட்டு வழக்கம் அது. எனக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்தது. அன்று காலையில் முதல் தடவையாக அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

மகளின் குரல்தான் வேறு மாதிரி வந்தது. "அம்மா, சிரிக்காதே. அவங்க கையை எடுக்கல. அப்பா, அவங்க கையை எடுக்கவே இல்லப்பா."

அப்போதே அணைத்திருக்கலாமே என்கிறீர்கள். ஸ்விட்ச் என் தலைமாட்டில்தான் இருந்தது, எழுந்திருக்கக்கூட வேண்டாம். உண்மைதான். ஆனால் நின்றுபோன மின்விசிறியை யார் அணைப்பார்கள்? எனக்குத் தோன்றவில்லை. இல்லை, தோன்றியது. கொஞ்சம் போகட்டும் என்றும் தோன்றியது.

மர ஸ்டூல் உருளும் சத்தம் கேட்டது. மகள் அதால் அவளை இடித்துத் தள்ளியிருக்கிறாள். கையிலிருந்து விடுபட்ட கம்பி பழைய இடத்தில் போய் உரசியிருக்க வேண்டும். என் மின்விசிறி மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. காற்று வந்தது. சரி, விட்டுவிட்டது, இனி எழுந்து உட்கார்ந்து அவளும் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் எழுந்திருக்கவே இல்லை என்பதை ஸ்டேஷனில் நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வருத்தமாகத்தான் இருந்தது. கலகலப்பான பெண் என்று முதலிலேயே சொன்னேன்.

அத்தான் வண்டி பிடிக்கத் தெருவுக்கு ஓடினார். மகள் அந்தப் பெண்ணின் நெஞ்சை அழுத்தி அழுத்தி எண்ணிக்கொண்டிருந்தாள். அக்கா என் அறைக்கு ஓடி வந்தாள்.

"டேய், எழுந்து வாடா, தூக்கணும், அந்தப் பொண்ணு..."

அங்கேயே நிறுத்திவிட்டாள். மேலே பார்த்தாள். மெயின் அணைந்து கிடக்கிறது. வீட்டில் ஒரு விளக்கு இல்லை, ஃபிரிட்ஜ் சத்தம்கூட இல்லை. என் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா படிக்காதவள், மின்சாரத்தில் அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வெகு நேரம் அதையே பார்த்தாள். அப்புறம் தலைமாட்டில் இருந்த ஸ்விட்சை. அப்புறம் என்னை.

"காத்து வருதா?" என்றாள்.

"வருதுக்கா."

பின்னோக்கியே நகர்ந்து வெளியே போனாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது, அதன் மேல் பூட்டு மாட்டிச் சாவி திருகும் சத்தமும் கேட்டது. ராத்திரி முழுக்கக் கண் விழித்தவன், நிம்மதியாகத் தூங்கட்டும் என்று நினைத்திருப்பாள்.