புயலுக்குப் போட்ட முடிச்சு

இரவு புயல் கரையைக் கடக்கும் என்று சொல்லியிருந்ததால் காலடிப்பேட்டைப் பால் கடையில் வரிசை தெருமுனை வரை நீண்டிருந்தது. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். இளையவள் முகத்துவாரக்குப்பத்திலிருந்து அக்கா வீட்டில் தங்க வந்தவள்.

“எங்க மீன்புடி போட்டை நான் தொட்டுட்டேன்க்கா.”

அக்கா திரும்பிப் பார்த்தாள். “இன்னாடி சொல்ற? பொம்பள கை பட்டா மீன் படாதுன்னு உன் மாமனாரு குதிப்பாரே.”

“ஆம்பளைங்க எல்லாம் காசிமேட்டு ஹார்பர்ல பெரிய லாஞ்சைக் கட்டிப் போடப் போய்ட்டாங்க. அலை போட்டாண்ட வந்துடுச்சு. பாத்துகினு நிக்க சொல்றியா? பொம்பளைங்களாவே கோயில் வாசல் வரிக்கும் இழுத்துகினு போயி தூண்ல கட்டிட்டோம். மீன்கூடைக்குப் போடுற முடிச்சுதான், நான்தான் போட்டேன்.”

“மாமனாரு பாத்தாரா?”

“வந்தாரு. கயித்தை இழுத்து இழுத்துப் பாத்தாரு. அசையல.”

“திட்டினாரா?”

“திட்டிகினேதான் இருந்தாரு. நான் கெளம்பறப்ப பின்னாலயே வந்து சொல்றாரு, புயல் போனதும் நீயே வந்து அவுத்துடும்மா, எங்களுக்கு வராதுன்னு.”