இன்னும் கொடுக்கலைம்மா

போனில் பேசுகிற வேலைக்கு நல்ல குரல் வேண்டும். எனக்கு அது உண்டு. நேரில் பார்த்தால் என்னிடம் யாரும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேச மாட்டார்கள். போனில் மட்டும் ‘அக்கா, அக்கா’ என்று விடவே மாட்டார்கள்.

நீங்கள் வாக்குமூலம் எழுதிக்கொள்ளத் தோதாக மெதுவாகவே சொல்கிறேன்.

கோர்ட்டுக்குப் பின்பக்கம், ஜன்னல் திறக்க வராத ஒரு சின்ன அறை என்னுடையது. அடிக்கிற புருஷன்மேல் ஒருத்தி பாதுகாப்பு உத்தரவு வாங்கினால், உத்தரவுகளை வீடு வீடாகக் கொண்டுபோகிற கோர்ட் அமீனா அதைக் கொண்டுபோய் அவன் கையில் கொடுப்பார். கொடுத்துவிட்டு வந்து என்னிடம் சொல்வார். நான் அவளைக் கூப்பிட்டு, “கொடுத்தாச்சும்மா, அவருக்குத் தெரிஞ்சிடுச்சு. ஜாக்கிரதையா இரு, அந்தப் பக்கமே போகாதே” என்பேன். அவ்வளவுதான் வேலை. உத்தரவு கைக்குப் போகிற நாள்தான் இருக்கிறதிலேயே பொல்லாத நாள் என்பது எனக்குத் தெரியும். தெரியாது என்று நான் சொல்லவில்லை.

ஆனால் அந்த ஒரு போனுக்கு அப்புறம் யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. அதுவரைக்கும் “அக்கா, கொடுத்தாச்சா?” என்று காலையில் ஒருதரம், மத்தியானம் ஒருதரம். அப்படியே பேச்சு வளரும். பிள்ளைக்குக் காய்ச்சல், அம்மாவோடு சண்டை, எல்லாவற்றையும் என்னிடம்தான் கொட்டுவார்கள். ‘கொடுத்தாச்சு’ என்று சொன்ன அன்றோடு சரி. ஒருத்தியைக் கடைத்தெருவில் பார்த்தேன். பேரம் பேசுகிற குரலை வைத்துக் கண்டுபிடித்தேன். யாரென்று சொன்னதும், “ஓ, நீங்களா” என்று பையைத் தோள் மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அதனால் சில பேருக்கு ஒருநாள் தள்ளிச் சொன்னேன். போகப்போக இரண்டு நாள், மூன்று நாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் நிறுத்தியிருப்பேன்.

நீங்கள் கேட்கிற இந்தப் பெண்ணுக்கு நான் வைத்த பெயர் வாயாடி. மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுப் பின்னறையில் இருந்தாள். கோபம் தணிந்தால் வந்துவிடுவாள் என்று புருஷன் நினைத்துக்கொண்டிருந்தான். கோர்ட்டுக்குப் போனது அவனுக்குத் தெரியாது.

“அண்ணி பாத்திரம் வைக்கிற சத்தத்துலயே இன்னிக்கு எனக்குச் சாப்பாடு உண்டா இல்லையான்னு தெரிஞ்சிடும்க்கா” என்பாள். அந்த அறையில் நான் வாய்விட்டுச் சிரித்தது அவளால்தான்.

“அக்கம்பக்கம் கேட்டா என்ன சொல்றதுன்னு வாசப்பக்கமே விட மாட்டேங்கிறாங்க. உள்ளேயே கிடந்து பூசணம் பூத்துடுவேன் போல. எப்பக்கா கொடுப்பாங்க?”

“பொறும்மா. அக்காகிட்ட பேசிட்டுத்தானே இருக்க.”

அன்று காலையில் அமீனா வந்தார். போகிற வீட்டிலெல்லாம் திட்டு வாங்கி, அதைச் சிரிப்பாகச் சொல்கிற மனிதர். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

“வீட்டுலதான் இருந்தான் மேடம். ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டு, உக்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களான்னு கேக்கறான். அதுதான் எனக்கு என்னவோ போல இருக்கு. வேலைக்கும் போகலையாம். அந்தப் பொண்ணுகிட்ட உடனே சொல்லிடுங்க.”

“சொல்லிடறேன்” என்றேன். போனைக் கையில் எடுத்தும் விட்டேன். அதற்குள் அவளே கூப்பிட்டாள்.

“அக்கா, கொடுத்தாச்சா?”

“இன்னும் கொடுக்கலைம்மா.”

“அப்ப அவருக்கு ஒண்ணும் தெரியாதுல்ல?”

“தெரியாது.”

“பாப்பாவோட கண்ணாடி அங்கேயே மாட்டிக்கிச்சுக்கா. புத்தகத்தைத் திறந்தா எழுத்தே தெரியலைன்னு ஒரே அழுகை. ஒரு எட்டு போய் எடுத்துட்டு வந்துடவா? அவரே இருந்தாலும், விஷயம் தெரியாத வரைக்கும் கெஞ்சிக்கிட்டுதான் நிப்பாரு.”

அந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாமே என்பீர்கள். ஒரு மூச்சுக்கு முன்னால் இல்லை என்றவள், அடுத்த மூச்சில் ஆமாம் என்பதா? என்னை அவள் என்ன நினைப்பாள்? அதற்கப்புறம் அக்கா என்று கூப்பிடுவாளா?

“போயிட்டு வா. வந்ததும் ஒரு போன் பண்ணு” என்றேன்.

உத்தரவு அவன் கைக்குப் போய்விட்டது, அவன் வீட்டில்தான் இருக்கிறான் என்று தெரிந்தே ‘போ’ என்று சொன்னது நான்தான். வேறு யாரும் இல்லை. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் பியூன் வந்து விளக்கை அணைக்கிறவரைக்கும் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அவள் கூப்பிடவில்லை. கண்ணாடி கிடைத்ததும் இவளும் என்னை மறந்துவிட்டாள் பார் என்று நொந்துகொண்டுதான் வீட்டுக்குப் போனேன்.

அம்மாவும் இல்லாத அந்தக் குழந்தை இப்போது மாமா வீட்டில்தானே இருக்கிறது? அத்தைக்காரி முகம் கொடுத்துப் பேசமாட்டாள். என் நம்பரைக் குழந்தையிடம் கொடுங்கள். மனசுவிட்டுப் பேச அதற்கும் ஒரு ஆள் வேண்டும். கொஞ்சம் பெரிதாக எழுதிக் கொடுங்கள். கண்ணாடி இல்லாமல் அதற்குத் தெரியாது.