மாப்பிள்ளை இல்லாத கல்யாணப் படங்கள்

அமெரிக்காவில், இர்விங் ஊரின் ஒரு ஜெராக்ஸ் கடை வரிசை. எனக்கு முன்னால் முக்காடிட்ட ஓர் இளம்பெண்ணும், கழுத்தில் சிலுவைச் சங்கிலி போட்ட ஒரு பெரியவரும். அவள் கொடுத்த கல்யாணப் படங்களைப் பார்த்து அவர் கடையே திரும்பும்படி கேட்டார்:

“என்னம்மா இது, நீ மாமியாரைக் கல்யாணம் பண்ணிக்கிட்ட மாதிரில்ல இருக்கு!”

“எங்க வீட்ல தாலி மாதிரி கட்டுற கருகமணிய மாமியார்தான் கட்டுவாங்க அங்கிள். அவர் கீழ ஆம்பளைங்க பக்கம் இருந்தார், நான் மாடியில.”

“உன் வீட்டுக்காரர் கிரீன் கார்டுக்கு ரெண்டு பேரும் சேர்ந்து இருக்குற ஃபோட்டோதானே கேப்பாங்க? அவர் செலவுக்கு நானும் பொறுப்புன்னு ஜாயின்ட் ஸ்பான்சரா சைன் பண்றது நான். இங்க வந்து அவருக்கு வேலை கிடைக்கலன்னா என்னைத்தானே பிடிப்பாங்க?”

“என் பார்ட் டைம் சம்பளம் பத்தாது அங்கிள். எங்க அத்தா தன் ஃபிரெண்டுன்னு உங்களைத்தான் நம்பியிருக்காங்க.”

அவர் படங்களை மறுபடி புரட்டினார்.

“அப்ப அவரை எப்பதான் பார்த்த?”

“சாயங்காலம். ரூம்ல எங்களை மட்டும் விட்டுட்டுப் போனாங்க. பேச வாயைத் திறந்தார், தும்மல் வந்துடுச்சு. நிக்கவே இல்ல. மல்லிப்பூ ஒத்துக்காதாம். தலையில இருந்த பூ அத்தனையும் பிச்சு ஜன்னல் வழியா போட்டேன். அப்புறம்தான் பேசினோம். அதையெல்லாம் யார் அங்கிள் ஃபோட்டோ எடுப்பா?”

பெரியவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“இதை அப்படியே எழுதிக் குடும்மா. கார்டுக்காகப் பொய்க் கல்யாணம் பண்றவங்களுக்கு இப்படிச் சொல்லத் தோணாது. பேனாவைக் குடு, எங்க சைன் போடணும்?”