கஷாயம் தெளிக்காத ஐந்து கொடிகள்

அலுவிகாரையிலிருந்து மாத்தளைக்குச் சென்ற பேருந்தில், எனக்கு முன்னே அமர்ந்திருந்த பெண்மணி பக்கத்திலிருந்தவரிடம் பரவசத்தோடு சொன்னார்:

"செல்வி, நான் சொன்னது முழுக்கப் பிழைன்னு தெரிஞ்சிருச்சு!"

"அதுக்கா இந்தச் சிரிப்பு, அண்ணி?"

"மகளோட அளவையியல் புத்தகத்துல ஒரு தத்துவஞானிய பத்திப் படிச்சேன். எதப் பார்த்தா நம்ம முடிவு பிழைன்னு ஒத்துக்குவோம்னு மொதல்லயே சொல்லிரணுமாம். அதான் நோய் வந்த மிளகுக்கொடியில அஞ்சுக்கு மட்டும் நோயத் தீர்க்கும்னு நான் சொன்ன பூண்டுக் கஷாயத்த தெளிக்கல. அதுவும் மத்தது மாதிரியே தழைச்சிருச்சு!"

"அப்ப கொடிய காப்பாத்துனது மழை விட்டதா?"

"இருக்கலாம். அதையும் சோதிச்சுத்தான் பார்க்கணும்."

"ஐயோ, இன்னைக்கி மாதர் சங்கத்துல எல்லாரும் அந்தக் கஷாயத்த கேக்கத்தானே வர்றாங்க! தலைவி நீங்களே மாத்திப் பேசுனா சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கட்டும். மறுபடி நோய் வர்றப்ப, கஷாயத்த நம்பி நோய்க்கொடிய வெட்டாம விட்டா, அது பரவி ஊரு தோட்டமெல்லாம் போயிரும்."

செல்வி திடுக்கிட்டார். "வில்கமுவையில தங்கச்சிக்கும் சொல்லிட்டேனே!"

"இப்பவே போன் போடு."

பேருந்தின் இரைச்சலை மீறி செல்வியின் குரல் எழுந்தது: "கஷாயம் காய்ச்சாதடி! அது பிழையாம். இல்லடி, விவசாய ஆபீசர் யாரும் சொல்லல. எங்க அண்ணியேதான் கண்டுபிடிச்சாங்க!"