இடதுபக்கக் கதவு

புளியமரத்தில் மோதி நசுங்கிய காரின் கதவில் கடப்பாரையைச் செருகி முதலில் நெம்பியவன் நான்தான். உள்ளங்கை கிழிந்தது. பரவாயில்லை, ஆறிவிடும். கதவு பிய்ந்து வந்தபோது உள்ளே இருந்தவளுக்கு மூச்சில்லை. ஸ்டியரிங்கில் இருந்த ஆனந்த்ராஜுக்குக் கை முறிந்ததோடு சரி. டிரைவரை விட்டுவிட்டு இடதுபக்கக் கதவுக்கு ஏன் ஓடினாய் என்று விசாரணையில் கேட்டீர்கள். சொல்கிறேன், ஐயா.

நத்தம் ரோட்டில் ஞாயிறு மதியம் குடிபோதைச் சோதனை என் பொறுப்பு. எஸ்.எஸ்.ஐ. வேலுசாமி கறாரான ஆள் என்பார்கள். ஊதுகிற குழாயை ஆளுக்கு ஆள் மாற்றுவேன். மெஷின் சீட்டில் கையெழுத்து வாங்காமல் யாரையும் விட்டதில்லை.

ஆனந்த்ராஜ் வாரம் தவறாமல் தோப்பில் குடித்துவிட்டு அந்த வழியாக வருவான். மூன்று வருஷத்துக்கு முன்னால் என் மகள் தமிழ்மதியின் ஸ்கூட்டரை அடித்துத் தூக்கியவன். அந்த இடத்திலேயே அவள் போய்விட்டாள். குடித்திருந்தானா என்று பார்க்க அவனுக்கு ரத்தம் எடுக்கவே மறுநாளாகிவிட்டது. கேஸ் நிற்கவில்லை. கோர்ட்டில் பார்த்த என் முகம்கூட அவனுக்கு மறந்துபோயிருந்தது.

அபராதத்தைக் கட்டிவிட்டுப் போகிறவனைப் பிடித்து என்ன ஆகப்போகிறது? அவனை நான் ஊதவே விடவில்லை. ஜீப்புக்குப் பின்னால் கூட்டிப்போய் நானே ஊதினேன். பூஜ்யம் என்று சீட்டு வந்தது. அவன் பெயர், அவன் வண்டி நம்பர், என் மூச்சு. ஐந்து வாரம் இப்படி.

"ஐயா, வாடை குடலைப் புரட்டுது. இவனுக்குப் போயி பூஜ்யமா?" என்றான் கான்ஸ்டபிள் ரோஷன்.

"மெஷினைவிட உன் மூக்கு பெருசாப்பா?" என்றேன். சிரித்துவிட்டான்.

அந்த ரோட்டில் புளியமரங்கள் நிறைய. என்றைக்காவது ஒன்றில் போய் மோதுவான் என்று காத்திருந்தேன். அவ்வளவுதான். அவன்மேல் என் விரல்கூடப் பட்டதில்லை.

ஆறாவது ஞாயிறு அவன் மனைவி மகேஸ்வரியும் கூட வந்தாள். வண்டியை விட்டு இறங்கி நேராக என்னிடம்தான் வந்தாள்.

"சார், அவருக்கு நிதானமே இல்ல. பிடிச்சு வையிங்க. நான் பஸ்ல போயிக்கிறேன்."

அவனைக் கூட்டிக்கொண்டு ஜீப்புக்குப் பின்னால் போனேன். ஊதினேன். சீட்டை அவள் கையிலேயே கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள்.

"நாந்தேன் தப்பா நெனச்சுட்டேன் போல சார்" என்று சொல்லிவிட்டு, இடதுபக்கக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.