அடைக்கு வைத்த முட்டைகள்

தோசை ஆறிவிட்டால் தோல் மாதிரி இழுக்கும், மாப்பிள்ளை. சூட்டோடு இரண்டு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு பிறகு அழுங்கள். போன வருஷம் சாவுத் தீட்டில் நின்றுபோன காவடியை நேற்றே செலுத்தி இறங்கிவிட்டீர்கள், விரதம் முடிந்துபோயிற்று. இன்றைக்கு முட்டைக் குழம்பு சாப்பிட்டால் மலைமேல் இருக்கிறவன் ஒன்றும் கேட்கமாட்டான்.

வேண்டாமா. சரி. மூலையில் இருக்கிற அந்த இன்னொரு தட்டை மட்டும் தள்ளிவிடாதீர்கள், அது வேறு ஆளுக்கு.

நீங்கள் இப்போது அழுதுகொண்டே சொன்னதை நான் ஒரு தரம் திருப்பிச் சொல்கிறேன், சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பாருங்கள். போன வருஷம் உங்கள் பெண்டாட்டி அம்மு காமாலையில் இந்த வீட்டில் படுத்திருந்தபோது, அவள் பிழைத்தால் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டீர்கள். மாலை போட்டு விரதம் இருந்தீர்கள். நடுவில் ஒருநாள் வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை வாங்க அரக்கோணம் போனவர், பசி தாங்காமல் அங்கே ஒரு மிலிட்டரி ஓட்டலில் நுழைந்து ஒரு முட்டை தின்றுவிட்டீர்கள். அந்த ஒரு முட்டைக்காகச் சாமி என் தங்கையை எடுத்துக்கொண்டது. "நான்தான் அண்ணி அவள கொன்னுட்டேன்" என்கிறீர்கள். அதனால் பள்ளிப்பட்டு நிலத்தை உங்கள் அண்ணனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, இந்த மலைப்படியைக் கூட்டிக்கொண்டே மிச்ச காலத்தைக் கழிக்கப் போகிறீர்கள்.

அது நடக்காது. உட்காருங்கள், ஏன் என்று சொல்கிறேன்.

மலையடியில் பதினைந்து வருஷமாகத் தோசை சுட்டு விற்கிறேன். சண்டை வந்து அரிசி ரேஷனுக்குப் போன பிறகும் என் தோசை கெட்டிப்பட்டதில்லை. வெந்தயத்தோடு ஒரு பிடி பழைய சோற்றையும் போட்டு அரைத்து, கல்லில் கனமாக ஊற்றி, மூடி வைத்து, திருப்பிப் போடாமல் எடுக்க வேண்டும். யாத்திரைக்காரர்களுக்கு அதைத் துவையலோடு கொடுப்பேன். அம்முவுக்கு மட்டும் முட்டைக் குழம்பு வேண்டும். சின்ன வயசிலிருந்து அவளுக்கு அதுதான் பண்டிகை.

எங்கள் அம்மா போனபோது அவளுக்கு மூன்று வயசு, எனக்குப் பதினாறு. கொழும்புக்குப் போகிறேன் என்று கிளம்பிய என் புருஷன் போனவர் போனவர்தான். ஆக எனக்கு அவள், அவளுக்கு நான். அவளை உங்களுக்குக் கட்டிக் கொடுத்த பிறகு, வீட்டுக்கென்று வைக்கிற மாவை இரண்டு பேர் அளவுக்கே கரைத்துக்கொண்டிருந்தேன். கை அப்படிப் பழகிவிட்டது. மிஞ்சியதைப் பக்கத்து வீட்டு மாட்டுக்கு வைப்பேன். இரண்டு வருஷம் அந்த மாடு நன்றாகக் கொழுத்தது.

போன வருஷம் ஆனி பிறந்த வாரம் நீங்கள் அவளை வண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்துக் கொண்டுவந்தீர்கள். கண்ணிரண்டும் மஞ்சள் கருவாக இருந்தது. "எங்க வூட்டுல பாக்க ஆளில்ல அண்ணி, நீங்கதான் பாத்துக்கணும்" என்று சொல்லிவிட்டு நீங்கள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள். எனக்கு அழுகை வரவில்லை. சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து இப்போது என்ன ஆகப்போகிறது.

திருவாலங்காட்டிலிருந்து கோதண்டபாணி வைத்தியர் வந்தார். கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுக்கச் சொன்னார். "எண்ணெ ஆவாது, காரம் ஆவாது, முட்டைய கண்ணால கூட பாக்கக் கூடாது. இருவது நாள் பத்தியம் இருந்தா எழுந்து நடப்பா. மீறினா ஈரல் தாங்காதும்மா" என்றார். நான் ஆங் என்று தலையாட்டினேன். காது நன்றாகவே கேட்டது.

பத்தியச் சோறு தின்று தின்று பன்னிரண்டாம் நாள் அம்மு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "நாக்கு செத்துப்போச்சுக்கா. ஒரே ஒரு முட்டை போட்டுக் கொழம்பு வையேன். வைத்தியருக்கு யார் சொல்லப் போறாங்க?" என்று சிரித்தாள். கேட்டாள், கொடுத்தேன்.

அந்தக் குழம்பை நான் அரைகுறையாக வைக்கவில்லை. மிளகாயும் தனியாவும் மிளகும் வறுத்து, சின்ன வெங்காயத்தோடும் தேங்காயோடும் அம்மியில் வெண்ணெயாக அரைத்தேன். புளி கரைத்து ஊற்றி, எண்ணெய் பிரிந்து மேலே சிவப்பாக நிற்கிறவரை கொதிக்கவிட்டேன். அவித்த முட்டையைக் கீறிப் போட்டு மூடினேன். இரண்டு தோசையைக் குழம்பில் ஊறவைத்து ஊட்டினேன். கண்ணில் தண்ணீர் வர வர அவள் சப்புக்கொட்டிச் சாப்பிட்டாள்.

இருபதாம் நாள் நீங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தது நினைவிருக்கிறதா? வைத்தியரும் வந்திருந்தார். அவள் இமையை விலக்கிப் பார்த்துவிட்டு, "வெளுத்துகினு வந்தது மறுபடியும் மஞ்சளாயிடுச்சே. இன்னும் பதினஞ்சு நாள் இங்கயே கெடக்கட்டும்" என்றார். நீங்கள் மாட்டைத் திருப்பிக்கொண்டு வெறும் வண்டியோடு போனீர்கள். நான் வாசலில் நின்று அதைப் பார்த்தேன். ஒரு முட்டைக்குப் பதினைந்து நாள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அதற்குப் பிறகு அளவு பார்த்துச் செய்தேன். சமைக்கிறவளுக்கு அளவுதானே எல்லாம். காலையில் கீழாநெல்லி ஒரு வேளை தவறாமல் கொடுத்தேன். உச்சிப்பொழுதுக்குக் குழம்பு கொடுத்தேன். நோய் அதிகமாகிவிடவும் கூடாது, ஆறிவிடவும் கூடாது. அவள் என் பாயில் படுத்திருப்பாள், நான் தலை வாரிவிடுவேன், பழைய கதை பேசுவேன். அந்த நாட்களைப் போல நான் என்றைக்கும் நன்றாக இருந்ததில்லை.

முட்டையைத் தெருக்கோடி ரஹிமுன்னிசாவிடம் வாங்கினேன். "இன்னா குப்பம்மா, ஆடி மாசத்துல ஊரே கவுச்சி வுட்டுட்டு நிக்குது, நீ மட்டும் தெனம் முட்டை கேக்குற?" என்றாள். அடைக்கு வைக்கிறேன் என்றேன். பாவம், நல்ல பொரிகிற முட்டையாகத் தேடிப் பொறுக்கிக் கொடுத்தாள்.

கிருத்திகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது நீங்கள் ஆள் அனுப்பினீர்கள். காவடி செலுத்தியதும் எப்படி இருந்தாலும் கூட்டிக்கொண்டு போகிறேன், ஆர்.கே.பேட்டையில் வேறு வைத்தியர் பார்த்திருக்கிறேன் என்று. அம்மு அதைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்து தன் புடவைகளை மடித்து வைத்தாள். ஒரு வாரம் கழித்துப் போவதற்கு அவ்வளவு அவசரமாக மடிக்க வேண்டியதில்லை. அன்றிலிருந்து நாலு முட்டை போட்டேன். எண்ணெயும் ஒரு கரண்டி கூட்டினேன்.

கிருத்திகைக்கு மூன்று நாள் முன்னால் அவளுக்குப் பேச்சுத் தடுமாறியது. என்னைப் பார்த்து அம்மா என்று கூப்பிட்டாள். நினைவு தப்புகிறது, இது கெட்ட அடையாளம் என்றார் வைத்தியர். எனக்கு அவள் தப்பாக எதுவும் சொன்னதாகத் தோன்றவில்லை. மறுநாள் வெயில் ஏறுகிற நேரத்தில் என் மடியிலேயே போய்விட்டாள்.

கருமாதி கழிந்த வாரம் ரஹிமுன்னிசா துக்கம் கேட்க வந்தாள். என்ன பேசுவதென்று தெரியாமல், "அடைக்கு வெச்சது எத்தினி பொரிஞ்சுதும்மா?" என்று கேட்டாள். எல்லாம் கூமுட்டை என்றேன். அதிலிருந்து இந்த வீட்டில் ஒரு சத்தம் கேட்கிறது. ஓட்டுக்குள் குஞ்சு கொத்துகிற மாதிரி, மெதுவாக. உச்சிப்பொழுதானால் அதிகம். இப்போதுகூடக் கேட்கிறது, உங்களுக்குக் கேட்காது.

கையை எடுங்கள், மாப்பிள்ளை. என் காலைத் தொடுகிற வேலையெல்லாம் வேண்டாம். "தங்கச்சி கேட்டா, மனசு கேக்காம குடுத்துட்டீங்க. பாசத்துல செஞ்சது பாவமா அண்ணி?" என்கிறீர்கள். உங்களைப் போல நல்லவர்களோடு பேசுவது கஷ்டம். உடைத்துச் சொன்னால்தான் உறைக்கும்.

அவள் கேட்டது அந்த ஒரே நாள்தான்.

இரண்டாம் தரம் வைத்தபோதே, "வேணாம்க்கா, வயிறு பொரட்டுது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்கு மறுநாள் பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறகு தினமும் கையெடுத்துக் கும்பிட்டாள். "நான் எங்க வூட்டுக்குப் போவணும்க்கா, வுட்டுடுக்கா" என்று அழுதாள். எங்கள் வீடு என்று அவள் சொன்னது பள்ளிப்பட்டை. மூக்கைப் பிடித்தால் வாய் தானாகத் திறக்கும். மூன்று வயசில் அவளுக்கு அப்படித்தான் கஷாயம் கொடுப்பேன், எனக்குப் பழக்கம். பச்சைப் பிள்ளை பலம்கூட அப்போது அவளிடம் இல்லை. இப்படித்தான் ஒரு மாதம் ஊட்டினேன். கடைசி விள்ளல் அவள் தொண்டையில் இருந்தபோதுதான் என்னை அம்மா என்றாள்.

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், உங்களுக்காக இரக்கப்பட்டு அல்ல. ஒரு வருஷமாக ஊரெல்லாம் உங்கள் பேச்சு. பெண்டாட்டிக்காக உருகுகிறான், சாமி குத்தம் செய்துவிட்டேன் என்று மலைப்படியில் தலையை மோதிக்கொள்கிறான் என்று. கேட்கக் கேட்க எனக்கு எரிகிறது. அரக்கோணத்தில் நீங்கள் தின்ற ஒரு முட்டைக்கும் என் தங்கைக்கும் என்ன சம்பந்தம்? மூன்று வயசிலிருந்து கடைசி மூச்சுவரை அவளுக்கு ஆனதெல்லாம் இந்தக் கையால் ஆனது. அதில் உங்களுக்குப் பங்கு கிடையாது.

போலீசுக்குப் போவதானால் போங்கள், நான் எங்கும் ஓடமாட்டேன். பத்தியம் கெட்டதற்கு எந்தச் சட்டத்தில் என்ன போட்டிருக்கிறதோ, எனக்குத் தெரியாது. ஆனால் இப்போதே எழுந்து போங்கள். பொழுது உச்சிக்கு வந்துவிட்டது, அந்நிய ஆள் இருந்தால் அவள் கூச்சப்படுவாள்.

ஆமாம், அந்த மூலைத் தட்டு அவளுக்குத்தான். மெத்தென்று இரண்டு தோசை, எண்ணெய் மிதக்கிற குழம்பு, நாலு முட்டை. தினமும் வைக்கிறேன், தினமும் வந்து உட்காருகிறாள். பள்ளிப்பட்டுக்குப் போகவில்லை பார்த்தீர்களா, என்னிடம்தான் வருகிறாள். வாயை மட்டும் திறக்கமாட்டேன் என்கிறாள்.